சியரா: 2020 கான்செப்டிலிருந்து இன்றைய வண்டி வரை. சேலம், ஏற்காட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மலைச்சியரா (ஏற்காடு) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பழைய மூன்று கதவு டாடா சியரா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி, 1948 சிசி டீசல். தோட்டத்து வேலைக்கும் சேலம் இறங்கி ஏறவும் அதுதான். அதனால் 2020இல் கிரேட்டர் நொய்டா ஆட்டோ எக்ஸ்போவில் சியரா என்ற பெயரில் ஒரு மின்சாரக் கான்செப்டை (விற்பனைக்கு முன் காட்டும் மாதிரி வண்டியை) டாடா காட்டியதிலிருந்தே விடாமல் கவனித்து வருகிறேன். அதில் பின்சீட்டுக்கு இடப்பக்கம் மட்டும்தான் கதவு. 2023 எக்ஸ்போவில் அதையே மாற்றி ஐந்து கதவு ஆக்கினார்கள். 2025 ஜனவரியில் டெல்லியில் பெட்ரோல், டீசல் வண்டியின் உருவம் வந்தது. அதே வருஷம் நவம்பரில் 11.49 லட்சத்தில் தொடங்கி விலையும் சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்ததும் இருக்கிறது, பிடிக்காததும் இருக்கிறது. பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடி. 1991இல் வந்த சியராவுக்கு அடையாளமே அந்தப் பின்பக்கக் கண்ணாடிதான். பக்கவாட்டில் எழும்பி, ஒரே துண்டாகக் கூரை மேல் வளைந்து போகும். அதை வெறும் அழகு என்று நினைப்பவர்கள் அந்த வண்டியை ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. வலப்பக்கம் திரும்பும் வளைவுக்குள் நுழையும்போது, அடுத்து நாம் ஏறப்போகிற ரோடு நம் வலது தோளுக்குப் பின்னால், தலைக்கு மேலே இருக்கும். அங்கே பஸ் இறங்கி வருகிறதா, லாரி நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள, கழுத்தைத் திருப்பி அந்தக் கண்ணாடி வழியே மேலே பார்த்தால் போதும். பஸ் வருகிறது என்றால் வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நின்றுவிடலாம்.

புது வண்டியில் அந்தக் கண்ணாடி இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய வளைவு போலத் தெரியும்படி பளபளக்கும் கறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி கூரை விளிம்போடு நின்றுவிடுகிறது. மேலே பனோரமிக் சன்ரூஃப் உண்டு. அது பின்னால் உட்காருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டும்; ஓட்டுகிறவருக்கு மேல் ரோட்டைக் காட்டாது.

பிடித்தது: கதவுகள். எங்கள் வண்டியில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி நுழைய வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி வந்த பிறகு அவர் அந்த வண்டியில் பின்னால் ஏறுவதே இல்லை. 1.5 லிட்டர் டீசல் எஞ்சினை வைத்திருப்பதும் எனக்குச் சந்தோஷம்.

மூன்று திரை, அடாஸ் (கேமரா, ரேடார் வைத்து ஓட்டுகிறவருக்கு உதவும் வசதிகள்), ஒட்டிப் படிந்த கதவுக் கைப்பிடி இதெல்லாம் நம் ரோட்டுக்கு எந்த அளவு உதவும்? வாங்கியவர்கள், ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குகை_டர்போ (சேலம்) எழுதியது:

அண்ணா, உங்கள் வண்டி மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஏப்ரல், மே மாதம் சேலத்தில் 40 டிகிரி வெயிலில் அந்த வளைந்த கண்ணாடிக்குக் கீழே பின்சீட்டில் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கண்ணாடியைத் திறக்கவும் முடியாது. நான் டர்போ பெட்ரோல் புக் செய்திருக்கிறேன், எஞ்சின் சக்தி 160 பிஎஸ். எனக்கு ஐந்து ரோட்டிலிருந்து பெங்களூரு ஹைவே வரைக்கும்தான் வேலை. வண்டி நேரில் பார்க்க அட்டகாசமாக இருக்கிறது. கான்செப்டில் காட்டியதை இந்த அளவுக்கு மாற்றாமல் ரோட்டுக்குக் கொண்டுவந்த கம்பெனி நம் நாட்டில் எத்தனை?

அஸ்தம்பட்டி_டிராவல்ஸ் எழுதியது:

நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன். சீசனில் தினமும் மலை ஏறுவேன். எனக்கு டிசைனை விட உள்ளே இருக்கிற சுவிட்சுகள்தான் முக்கியம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறும்போது என்ன நடக்கும் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். கீழே கோரிமேட்டில் புழுக்கம். பாதி மலை ஏறியதும் வெளியே குளிர்ந்துவிடும். உள்ளே ஏழு பேர் மூச்சு, நனைந்த குடை, நனைந்த துணி. முன்கண்ணாடி உள்பக்கம் ஒரு நிமிஷத்தில் வெள்ளையாகிவிடும். அந்த நேரத்தில் ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை கியரில். ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும். என் பழைய வண்டியில் திருகு சுவிட்ச். எத்தனை திருப்பு திருப்பினால் கண்ணாடிக்குக் காற்று வரும் என்று விரலுக்கே தெரியும், கண் ரோட்டை விட்டு நகராது. இப்போது ஓட்டும் வண்டியில் (எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை) எல்லாம் திரைக்குள். ஈர விரலால் தொட்டால் எடுக்காது. குலுங்கும் ரோட்டில் குறி தவறி வேறு எதையோ தொட்டுவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்த பயணியிடம் சொல்லித்தான் போடச் சொல்வேன்.

சியராவில் மூன்று திரை என்றதும் எனக்கு அந்தக் கவலைதான். முன்பக்கப் பயணிக்குத் தனித் திரை இருக்கட்டும், நல்லது. ஓட்டுகிறவனுக்கு மூன்று நல்ல திருகு கொடுங்கள்.

உருக்காலை_பணி (சேலம்) எழுதியது:

டிராவல்ஸ் அண்ணா சொல்வதை ஐரோப்பாவிலும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வண்டிகளின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பின் 2026 விதிகளில் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு இவற்றுக்குத் தனிக் கைச் சுவிட்ச் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். ஏ.சி. அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊருக்கு விதி எழுதினால் கண்ணாடிக்குக் காற்று விடும் சுவிட்சையும் சேர்க்கச் சொல்வேன்.

அடாஸ் பற்றி: கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, முன்னால் ரேடார். வண்டி தன் தடத்தை விட்டு விலகாமல் பார்க்கும் லேன் கீப் அசிஸ்ட் ரோட்டிலுள்ள வெள்ளைக் கோட்டைப் பார்த்து வேலை செய்யும். பெரும்பாலான வண்டிகளில் அது 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால்தான் விழித்துக்கொள்ளும். மலையில் நாம் போகிற வேகத்துக்கு அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும், அதனால் உபத்திரவமும் இல்லை. தானாக பிரேக் போடும் வசதி வேறு. அது குறைந்த வேகத்திலும் விழித்திருக்கும். வளைவில் நேர் எதிரே பாறைச் சுவரோ எதிர் வண்டியோ தெரிந்தால் முட்டப்போகிறோம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அடர்ந்த பனியில் கேமரா கண்ணை மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் திரையில் எச்சரிக்கை வரும். அது வந்தால் பயப்பட வேண்டாம், வண்டி உங்களிடம் பொறுப்பைத் திருப்பித் தருகிறது என்று அர்த்தம்.

உண்மையில் மலைக்கு உதவும் மின்னணு வசதிகள் பேர் வாங்காதவை. ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு ஒன்று. வளைவில் வண்டி வழுக்கித் திசை மாறாமல் காக்கும் இஎஸ்பி ஒன்று. இந்த இரண்டையும் எந்த விளம்பரத்திலும் பெரிதாகப் பேசுவதில்லை.

காபித்தோட்டம் (நாகலூர் பக்கம்) எழுதியது:

எல்லோரும் திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கேள்வி ஒன்றுதான். ஃபோர் வீல் டிரைவ் எங்கே?

பழைய சியராவில் ஃபோர் வீல் டிரைவ் மாடல் இருந்தது. டாடாவின் டெல்கோலைன் பிக்கப்பின் சட்டத்தில் எழுப்பிய வண்டி அது, பின்சக்கரம் இழுக்கும். இந்தப் புது வண்டி அறிமுகமானபோது முன்சக்கரம் மட்டும்தான். தார் ரோட்டில் அது போதும், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தோட்டத்துப் பாதையில் டிசம்பர், ஜனவரி பழம் பறிக்கும் காலத்தில் ஒரு மழை விழுந்தால் செம்மண் சோப்பு மாதிரி ஆகிவிடும். சரிவில் ஏறும்போது வண்டியின் எடை பின்னால் போகும். பின்னால் நான்கு மூட்டை பழமும் இருந்தால் இன்னும் போகும். அப்போது முன்சக்கரத்தில் அழுத்தம் குறைந்து, பிடிப்பு இல்லாமல் சும்மா சுற்றும். டிராக்‌ஷன் மோடு என்று எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இழுக்கிற சக்கரம் அதே இரண்டுதான்.

ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டும் வழக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். ஸ்டெப்னி டிக்கிக்குள் இருந்தால், மூட்டை ஏற்றிய பிறகு பஞ்சர் ஆனதும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

சியரா என்ற பெயரைத் திரும்ப வைத்தால், அந்தப் பெயருக்கு உரிய வேலையும் திரும்ப வர வேண்டும். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

புதுச்சாவி (ஃபேர்லேண்ட்ஸ்) எழுதியது:

நான் வாங்கிவிட்டேன். டீசல் மேனுவல். அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

குடும்பத்தோடு ஏற்காடு ஏறினேன், ஐந்து பேர், பின்னால் சாமான். 260 நியூட்டன் மீட்டர் இழுவை குறைந்த சுற்றிலேயே கிடைக்கிறது. இரண்டாவது கியரில் வளைவுகளை எடுத்தேன், பெரிய வளைவுகளில் மட்டும் முதல் கியருக்கு வந்தேன். இறக்கத்திலும் இரண்டாவது கியரிலேயே விட்டேன், பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதித்தேன். டிக்கி 622 லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள். ஐந்து பேரின் சாமானும் மெத்தை விரிப்பும் போட்ட பிறகும் பின்கண்ணாடி மறையவில்லை.

எனக்கு உண்மையாகவே உதவியது 360 டிகிரி கேமரா. சொந்தக்காரர் வீடு ஒன்று லீ பஜார் பக்கம் சந்துக்குள். லோடு இறக்கும் வண்டிகளுக்கு நடுவில் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம். இறங்கிப் பார்க்காமல் உள்ளே போய்த் திரும்பினேன்.

தானாக பிரேக் போடும் உணர்திறனை மலைக்கு முன்னாலேயே குறைத்துக்கொண்டேன். திரைக்குக் கீழே ஏ.சி.க்குத் தொடுபலகை. எனக்குப் பழகிவிட்டது, ஆனால் டிராவல்ஸ் அண்ணா சொல்வது மாதிரி திருகு இருந்தால் இன்னும் நல்லதுதான்.

அப்பா பழைய அம்பாசடர்க்காரர். ஏறி உட்கார்ந்ததும் சொன்னது: "இதில் உட்கார்ந்தால் ரோடு தெரிகிறது." அந்த உயரம் எனக்குப் போதும்.

மலைச்சியரா எழுதியது:

புதுச்சாவி சார், வாழ்த்துகள். இழுவை பற்றி நீங்கள் எழுதியதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

குகைத் தம்பி சொல்லும் வெயில் நியாயமான விஷயம். சேலத்தில் அந்தக் கண்ணாடி சுமைதான், எங்கள் வண்டியிலும் அதற்கு உள்ளே துணித் திரை போட்டிருக்கிறோம். ஆனால் 1991இல் கண்ணாடி என்றால் வெறும் கண்ணாடி. இப்போது வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி வந்துவிட்டது. கூரை முழுவதும் கண்ணாடியில் சன்ரூஃப் வைக்க முடிகிற கம்பெனியால் பக்கத்தில் ஒரு முழம் கண்ணாடியை வளைக்க முடியாதா? பணம் அதிகம் ஆகும் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வேன். தேவையில்லை என்று சொன்னால் ஏற்க மாட்டேன். ஓட்டுகிறவர் கண்ணுக்குக் கிடைக்கிற ஒவ்வொரு விரல் அகலமும் மலையில் பாதுகாப்பு. அதைக் கறுப்பு பெயிண்டில் வரைந்துவிட்டு, பாதுகாப்புக்காக கேமரா வைத்திருக்கிறோம் என்று சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த கேமரா சந்தில் தரையைக் காட்டும், சரி. மேல் ரோட்டில் வரும் பஸ்ஸைக் காட்டுமா?

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சீசனில் வெளியூர் வண்டிகள் அதைப் பார்ப்பதில்லை. அதனால்தான் முதலில் பார்த்துவிடுவது நம் வேலையாகிறது.

சூரமங்கலம்_மாணவன் எழுதியது:

மின்சார சியரா வரும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. அது மலைக்கு நல்லதா? இறங்கும்போது பேட்டரி தானாக ஏறும் என்கிறார்களே, எவ்வளவு ஏறும்?

உருக்காலை_பணி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர், சேலம் சுமார் 280 மீட்டர். வித்தியாசம் ஏறத்தாழ 1,235 மீட்டர். ஆட்களோடு வண்டி எடை 1,800 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்துக்கு அதைத் தூக்கவே 6 யூனிட் மின்சாரம் வேண்டும். சமதரையில் அதே தூரம் ஓட ஆகும் செலவு இதற்கு மேல் தனி.

இறங்கும்போது அந்த 6 யூனிட்டும் திரும்பி வராது. டயர் உராய்வு, காற்று, மோட்டார், பேட்டரி எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். பாதி திரும்பினாலே நல்ல வரவு. அதைவிடப் பெரிய லாபம், பிரேக் சூடாகாது. பிரேக் எரிந்த வாடை அடிவாரத்தில் எல்லோருக்கும் பழக்கம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே விடுதியில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதம் ஆக்கிவிட்டுக் காலையில் இறங்கினால், பேட்டரியில் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமே இருக்காது. அப்போது மோட்டார் பிடிக்கும் பிடி குறைந்து, முழுப் பாரமும் சாதாரண பிரேக் மேல் விழும். மலையில் தங்குகிறவர்கள் 80, 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிட வேண்டும். இதை ஷோரூமில் சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

காபித்தோட்டம் சாருக்கும் ஒரு தகவல்: 2025இல் வந்த டாடா ஹாரியர் மின்சார வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மோட்டார் வைத்து நான்கு சக்கரமும் இழுக்கிற மாடல் இருக்கிறது. முன்னாலிருந்து பின்னால் இழுவையைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட் தேவையில்லை. செய்யத் தெரியும், மனசு வைக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை_வொர்க்‌ஷாப் எழுதியது:

மெக்கானிக் பக்கமிருந்து கொஞ்சம்.

முன்கண்ணாடியில் கேமரா இருக்கிற எந்த வண்டியானாலும், கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்பவும் அளவு பார்த்துச் சரி செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கருவி, தனிப் பலகை, சமமான தரை எல்லாம் வேண்டும். ரோட்டோரக் கடையில் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டு போனால், வண்டி ரோட்டைக் கோணலாகப் பார்க்கும். முன் பம்பரில் ரேடார் இருந்தால் அங்கேயும் இதே கதை. லாரிக்குப் பின்னால் ஓடிக் கல் தெறிப்பது நம் ஹைவேயில் சாதாரணம். அதனால் இன்சூரன்ஸ் போடும்போது கண்ணாடிக்கும் அளவு பார்க்கும் செலவுக்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

கைப்பிடி: கதவோடு ஒட்டிப் படிந்த கைப்பிடி பார்க்க அழகு. அதன் சந்தில் காய்ந்த சேறு அடைந்தால் எப்படி, விபத்தில் மின்சாரம் போனால் வெளியே இருக்கிறவர் எப்படித் திறப்பார் என்று உலகம் முழுவதும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மின்சாரம் இல்லாமலும் கையால் திறக்க முடிய வேண்டும் என்று சீனாவில் 2027 முதல் விதி வருகிறது. எந்த வண்டி வாங்கினாலும் டெலிவரி எடுக்கும்போது, பேட்டரி இறங்கிவிட்டால் கதவை எப்படித் திறப்பது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

மலைச்சியரா சார், உங்கள் வண்டியின் வளைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓடும் ரப்பரை மழைக்கு முன் பாருங்கள். அது இறுகிப்போனால் தண்ணீர் உள்ளே இறங்கித் தகடு அரிக்கும். கண்ணாடி உடைந்தால் இப்போது பழைய வண்டி உடைக்கிற இடத்தில்தான் தேட வேண்டும்; ரப்பர் இன்னும் செய்து வாங்கலாம்.

குகை_டர்போ எழுதியது:

இவ்வளவு குறை சொன்னால் எந்தக் கம்பெனி பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவரும்? பழைய வண்டியை அப்படியே செய்தால் இன்றைய மோதல் சோதனையில் நிற்குமா? ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. நாம் பழசின் மேல் உள்ள பாசத்தில் பேசுகிறோம் என்று தோன்றுகிறது. என் தங்கை, அம்மா, பாட்டி மூவரும் சிரமமில்லாமல் ஏறி இறங்குகிற சியரா எனக்கு வேண்டும். அது கிடைத்துவிட்டது.

மலைச்சியரா எழுதியது:

தம்பி, பழையதை அப்படியே செய்யச் சொல்லவில்லை. ஏர்பேக் வேண்டும், கதவு வேண்டும், உங்கள் பாட்டி சிரமமில்லாமல் ஏற வேண்டும். எங்கள் அம்மாவும் ஏற வேண்டும். நான் கேட்பது, கான்செப்ட் வரைகிறவர்கள் பழைய வண்டியிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான். உருவத்தை எடுத்துக்கொண்டு, அந்த உருவம் எதற்காக வந்ததோ அந்த வேலையை விட்டுவிட்டார்கள். 2020 கான்செப்டில் கண்ணாடி இன்னும் பெரிதாக, மேலே வரை போவதாகத்தான் எனக்குப் பட்டது. அதனால் எதிர்பார்ப்பும் கூடிவிட்டது.

நம் குரல் அங்கே போய்ச் சேருமா தெரியாது, ஆனாலும் எழுதி அனுப்பப் போகிறேன். கேட்பது மூன்று: ஏ.சி.க்குத் திருகு, டீசலுக்கோ மின்சாரத்துக்கோ நான்கு சக்கர இழுவை, விலையுயர்ந்த மாடலிலாவது உண்மையான வளைந்த கண்ணாடி. உங்களில் யாருக்காவது சேர்க்க இருந்தால் இங்கே எழுதுங்கள்.

புதுச்சாவி சார், ஒரு உதவி. உங்கள் வண்டியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு வலது வளைவில் மேல் ரோடு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதினால்தான் கடிதத்துக்கு மரியாதை.

புதுச்சாவி எழுதியது:

தாராளமாக வாருங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோரிமேடு. டூரிஸ்ட் வண்டிகள் வருவதற்குள் ஏறி இறங்கிவிடலாம். உங்கள் வண்டியையும் கொண்டு வந்தால் ஒரே வளைவில் இரண்டிலும் உட்கார்ந்து பார்க்கலாம். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.

அஸ்தம்பட்டி_டிராவல்ஸ் எழுதியது:

ஞாயிறு எனக்குச் சவாரி இருக்கிறது, எட்டு மணிக்கு மேல். ஆறு மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். அந்தத் தொடுபலகையை ஈர விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

காபித்தோட்டம் எழுதியது:

மேலே வந்த பிறகு அப்படியே திரும்பிவிடாதீர்கள். நாகலூர் பக்கம் எங்கள் கேட் வரைக்கும் கொண்டு வாருங்கள், சாப்பாடு நம் வீட்டில். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. கேட்டிலிருந்து களம் வரைக்கும் அந்தச் சரிவில் முன்சக்கரத்தோடு ஏறிக் காட்டினால், முன்சக்கரம் பற்றி நான் எழுதியதை இதே இழையில் திருத்தி எழுதுகிறேன். கயிறும் டிராக்டரும் தயாராக இருக்கும்.